சித்தியின் போர்வெல்லில் இறங்கிய குழாய்

எண்பதுகளின் தொடக்கத்தில் சென்னையில் பொறியியல் ஆராய்ச்சி மாணவியாக இருந்தேன். கடலடியில் நீரோட்டத்தை அளக்கும் கருவிக்கு ஓர் உறை செய்வது என் வேலை. மூன்றடி நீள இரும்புக் குழாய். ஒரு முனை அடைத்தது, மறு முனையில் மரையிட்ட மூடி. மூடிக்குள் நான் கணக்குப் போட்டு அமைத்த இரண்டு ரப்பர் வளையங்கள். உள்ளே இருக்கும் கருவி எவ்வளவு உசத்தியாக இருந்தாலும், அந்த வளையங்கள் ஒரு சொட்டு விட்டால் எல்லாம் பாழ்.

"இது தண்ணி குடிக்கும்மா. விட்டுட்டு, பேப்பர்ல கணக்குப் போடற தலைப்பா எடுத்துக்கோ," என்றார் வழிகாட்டிப் பேராசிரியர். மாத இறுதிக்குள் முடிவு சொல்ல வேண்டும். லேபின் அழுத்தத் தொட்டியில் போட்டுப் பார்க்கலாம் என்றால், எனக்கு முன்னால் சீனியர்கள் வரிசையாக நின்றார்கள். எனக்குக் கோபம் வந்தால் சோறு இறங்காது. இரண்டு நாள் இறங்கவில்லை.

அந்த நேரத்தில்தான் பாகூரிலிருந்து சித்தியின் கடிதம் வந்தது. போர்வெல் மோட்டார் எரிந்துவிட்டது, மேலே தூக்கி எரிந்த கம்பிச் சுருளை மாற்றிக் கட்ட அனுப்பியிருக்கிறது, நாற்றங்கால் காய்கிறது என்று எழுதியிருந்தாள். அவள் கஷ்டம் என் மண்டையில் ஏறவே இல்லை. மோட்டார் இல்லாமல் காலியாக நிற்கும் ஒரு துளை, அதில் இருநூறு அடிக்கு மேல் ஆழமாகத் தண்ணீர், அது மட்டும்தான் ஏறியது. கடலில் இருநூறு அடியில் என்ன அழுத்தமோ, ஏறக்குறைய அதுவேதான் அங்கேயும். குழாயைக் கோணிப்பையில் சுற்றிக்கொண்டு அன்றைக்கே பஸ் ஏறினேன்.

சித்தி தனியாளாக இரண்டு காணி பயிர் வைத்தவள். நான் சொன்னதை எல்லாம் கேட்டுவிட்டு ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"உள்ள மாட்டிக்கிச்சின்னா இன்னாடி பண்ணுவ?"

"மாட்டாது சித்தி."

"மாட்டிக்கிச்சின்னா?"

மாட்டிக்கொண்டால் போர்வெல்லே போய்விடும். அவளுக்கு வேறு தண்ணீர் கிடையாது.  சித்தி கோணிப்பையை அவிழ்த்து, குழாயைக் கையால் தூக்கிப் பார்த்தாள்.

"எறக்கு. மோட்டார் வர்றதுக்குள்ள முடிச்சிடணும்."

உள்ளே ஈரம் பட்டதா என்று பார்க்க ஒரு வகைத் தாள் வைப்பது வழக்கம். வந்த அவசரத்தில் அதை மறந்துவிட்டேன். சித்தி பொரித்து வைத்திருந்த அப்பளம் கண்ணில் பட்டது. துளி ஈரம் போதும், நமுத்துவிடும். இதைவிட நல்ல கருவி எங்கள் லேபில்கூட இல்லை என்று துள்ளிக்கொண்டு பாதி அப்பளத்தைக் குழாய்க்குள் போட்டு மூடினேன். கையெல்லாம் கிரீஸ். கழுவிக்கொண்டு இரண்டு வாய் சாப்பிட்டு வருவதற்குள், சித்தி வரச்சொல்லியிருந்த பம்ப்செட் மேஸ்திரி குழாயைக் கயிற்றில் கட்டி இறக்க ஆரம்பித்திருந்தார்.

நான்கு மணி நேரம் கழித்துத் தூக்கினோம். திறந்தேன். அப்பளம் மொறுமொறுவென்று இருந்தது. நான் கத்திய கத்தலில் பக்கத்து வரப்பில் நின்ற மாடு திரும்பிப் பார்த்தது. பேராசிரியரிடம் என்னென்ன சொல்ல வேண்டும் என்று மனதுக்குள் அடுக்க ஆரம்பித்தேன். அப்போதுதான் மூடியின் மரையைப் பார்த்தேன். சுற்றிலும் சணல், அதன்மேல் வெள்ளை பெயின்ட்.

"இது யாரு சுத்தினது?"

"நாந்தான் பாப்பா," என்றார் மேஸ்திரி, பெருமையாக. "பைப்பு ஜாயின்ட்டுன்னா சணல் சுத்தாம எறக்கமாட்டேன். ஒன் ரப்பரை நம்பி உட்டு, தண்ணி பூந்துடுச்சின்னா நீதான அழுவ."

அழுகைதான் வந்தது. தண்ணீரை நிறுத்தியது என் வளையமா, அவர் சணலா? வாயை மூடிக்கொண்டு சென்னை திரும்பியிருக்கலாம், யாருக்கும் தெரிந்திருக்காது. கடலுக்குத் தெரியும் என்பதுதான் தொல்லை. சணலைப் பிய்த்தேன், பெயின்ட்டை மண்ணெண்ணெய் விட்டுத் துடைத்தேன். கூடவே மேஸ்திரியை நன்றாகத் திட்டினேன். அந்த நேரம் பார்த்து மோட்டார் மாட்டு வண்டியில் வந்து இறங்கியது. மறுநாள் வரவேண்டியது.

மோட்டாரை உடனே இறக்கினால் மாலை கரண்ட் வரும்போது நாற்றுக்குத் தண்ணீர் உண்டு. இறக்காவிட்டால் மறுநாள்தான். நாற்றங்கால் ஓரமெல்லாம் மஞ்சள் தட்டியிருந்தது. இந்தத் தடவை அது எனக்கு நன்றாகவே தெரிந்தது. நான் குழாயைக் கோணிப்பையில் வைத்தேன்.

சித்தி பையிலிருந்து அதை வெளியே எடுத்தாள்.

"ஒரு நாள்ல நாத்து செத்துப்பூடாது. எறக்குடி. காலையில தூக்கிக்கலாம்."

சித்தி புதிதாகப் பொரித்த அப்பளத்தில் பாதியைப் போட்டு, வெறும் என் இரண்டு வளையங்களோடு இறக்கினோம். விடிந்ததும் மேஸ்திரி தூக்கினார். பாதி வழியில் கயிறு ஒருமுறை இழுபட்டு நின்றது. சித்தி என் தோளை இறுக்கிப் பிடித்தாள். பிறகு மேலே வந்துவிட்டது.  மூடியை மேஸ்திரி திருகித் திறந்தார். சித்தி உள்ளே கையை விட்டு அப்பளத்தை எடுத்து, என் காதுக்குப் பக்கத்தில் கொண்டுவந்து உடைத்தாள்.

படக்கென்று உடைந்தது.

சந்தோஷம் தாங்காமல் அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். ஒரு துண்டை என் கையில் வைத்தாள். இன்னொரு துண்டைத் தன் வாயில் போட்டுக்கொண்டு சொன்னாள்:

"மேஸ்திரி, இப்ப எம் மோட்டாரை எறக்குபா."