முதல் வரிசையில் அடிப்பிடித்த வாசனை

கல்யாணப் பலாவ் விடியற்காலையில்தான். விடியல் தொழுகை முடிந்து பள்ளிவாசலை விட்டு வெளியே வருகிற ஆண்கள் நேராகப் பந்தலுக்கு வந்து உட்காருவார்கள். உட்கார்ந்ததும் தட்டு வந்தாக வேண்டும். எங்கள் மார்கிலான் ஊரில் இதில் யாருக்கும் சந்தேகம் கிடையாது. அந்தப் பலாவை ஆக்குகிறவன் எப்போது தொழுவான் என்று மட்டும் இத்தனை வருஷத்தில் ஒருத்தரும் கேட்டதில்லை. எர்காஷுக்கு அதுதான் ஆத்திரம்.

எர்காஷ் எங்கள் தெருவின் பலாவ்காரர். அறுபதைத் தொட்டாயிற்று. கரண்டி நீளம், கோபம் அதைவிட நீளம். மதத்துக்கே தடையிருந்த கூட்டுப்பண்ணைக் காலத்தில் தொழுகை சொல்லித்தர ஆளில்லாமல் வளர்ந்து, பிள்ளைகள் பிறந்த பிறகு உட்கார்ந்து எழுத்துக்கூட்டி ஓதப் படித்த மனிதர். படித்த நாளிலிருந்து ஒரு வேளை விட்டதில்லை. கல்யாண நாட்களில் மட்டும் கொப்பரை ஓரமாக, விறகுக் கட்டைகளுக்கு நடுவே துண்டை விரித்து அவசர அவசரமாகக் குனிந்து எழுந்துவிட்டு வருவார். நெற்றியில் கரி, கையில் வெங்காய நாற்றம். இதுவும் ஒரு தொழுகையா என்று அவருக்கே அசிங்கமாக இருக்கும்.

ஒரு வெள்ளிக்கிழமை இமாம் ஒன்று சொன்னார். தொழ நிற்கிறவன் தன் இறைவனையே நேரில் பார்க்கிற மாதிரி நிற்க வேண்டுமாம். கூட்டத்தில் எத்தனையோ பேர் கேட்டார்கள், தலையை ஆட்டினார்கள், செருப்பை மாட்டிக்கொண்டு கடைக்குப் போனார்கள். எர்காஷால் அப்படிப் போக முடியவில்லை. அந்த வார்த்தை தொண்டையில் முள்ளாகச் சிக்கிக்கொண்டது. ஏனென்றால் அவர் கையைக் கட்டி நின்றால் கண்ணுக்கு முன்னால் வருவது அரிசி. செம்பழுப்பு தேவ்சீரா அரிசி, மஞ்சள் கேரட், உருகுகிற ஆட்டு வால் கொழுப்பு. ஸஜ்தாவில் நெற்றியை வைத்தால் நேற்றைய கல்யாணத்தில் உப்பு தூக்கலாகப் போனது ஞாபகம் வரும். அட, இத்தனை வருஷம் ஒருத்தர் வாசலில் போய் நின்றால் அந்த வீட்டு நாய்க்குக்கூட நம் முகம் பழகிப்போகும். இவர் நின்று நின்று முழங்கால் தேய்ந்ததுதான் மிச்சம்.

திங்களும் வியாழனும் நோன்பு பிடித்துப் பார்த்தார். பசியில் அரிசி இன்னும் தெளிவாகத் தெரிந்தது. தஸ்பீஹ் மணியை உருட்டினார். விரல் உருண்டது, மனசு அசையவில்லை. பக்கத்து வீட்டு வாத்தியார் துஆவில் கை ஏந்தினால் பொலபொலவென்று கண்ணீர் விடுவார். எர்காஷ் ஓரக்கண்ணால் பார்த்து வயிறெரிவார். தொழுகையில் பொறாமைப்பட்ட பாவமும் சேர்ந்துகொள்ளும்.

"என்னதான் வேணும் உங்களுக்கு?" என்று கேட்டாள் மனைவி ஹாசியத். மாவு பிசைந்துகொண்டிருந்தாள்.

"ஒரே ஒரு தொழுகை. அவன் இருக்கான்னு எனக்குத் தெரியணும். அவ்வளவுதான்."

"இல்லாமயா இத்தன வருஷம் தொழுதீங்க?"

"இருக்கான்னு நம்புறது வேற, ஹாசியத். தெரியுறது வேற. நீ அடுப்படில இருக்கேன்னு நான் நம்புறேனா? எனக்குத் தெரியும்."

"நல்லா தெரியும் போங்க. காலைல இருந்து பசுவுக்குத் தண்ணி வைக்கச் சொல்லிக் கத்துறேன், காதுல விழுந்துச்சா?"

எர்காஷ் வாளியைத் தூக்கிக்கொண்டு போனார்.

கடைசியில் அவர் கண்டுபிடித்த காரணம் இதுதான்: கூட்டத்தோடு நிற்காமல், கரி பூசிய நெற்றியோடு ஒண்டியாகக் குனிகிற தொழுகைதான் எல்லாவற்றையும் கெடுக்கிறது. ஆகவே மனசுக்குள் உறுதியாக நிய்யத் வைத்தார். இந்த இலையுதிர் காலம் முழுக்க ஒவ்வொரு விடியல் தொழுகையும் பள்ளிவாசலில் கூட்டத்தோடு, ஜமாஅத்தோடுதான். இமாம் கை உயர்த்தும்போதே தானும் உயர்த்த வேண்டும். முதல் வரிசையில்தான் நிற்க வேண்டும். இடையில் ஒன்று விட்டுப்போனாலும் செல்லாது என்று தனக்குத்தானே தீர்ப்பும் எழுதிக்கொண்டார். இலையுதிர் காலம்தான் கல்யாணக் காலம் என்பது அவருக்குத் தெரியாதா? தெரியும். தெரிந்துதான் வைத்தார். பலாவ் கேட்டு வந்தவர்களை எல்லாம் திருப்பி அனுப்பினார். "பெரிய மகான் ஆயிட்டார்பா நம்ம எர்காஷ்" என்று தேநீர்க்கடையில் சிரித்தார்கள். சிரிக்கட்டும் என்று முதல் வரிசையில் போய் நின்றார். அங்கேயும் அரிசிதான் வந்தது. ஆனாலும் விடவில்லை. காலம் முடியும்போது ஏதாவது கதவு திறக்கும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றார்.

பருத்தி பறித்து முடிந்து பனி விழத் தொடங்கிய சமயம், தங்கை ஆய்சரா வந்து நின்றாள். புருஷனை இழந்தவள். ஒரே மகனுக்குக் கல்யாணம்.

"மாமா கையால பலாவ் இல்லாம என் மகனுக்குக் கல்யாணமா, அண்ணா? ஊர்ல என்ன பேசுவாங்க?"

அவளைத் திருப்பி அனுப்ப முடியுமா? எர்காஷ் மண்டையைப் பிய்த்துக்கொண்டு ஒரு வழி கண்டுபிடித்தார். தம் போடுகிற வரை எல்லாம் தன் கையால். பாங்கு சொன்னதும் மூடி போட்டுவிட்டு அவர் பள்ளிவாசலுக்கு ஓடுவார், தெருக்கோடியில்தானே இருக்கிறது. மூடி ஓரம் ஆவி கட்டியதும் அடியில் இருக்கிற நெருப்புக் கங்கை வெளியே இழுக்க வேண்டும். அந்த ஒரு வேலைக்குக் காபில் இருக்கிறான்.

காபில், எர்காஷோடு நெடுங்காலமாகக் கேரட் நறுக்குகிறவன். பேச்சில் கில்லாடி, வோட்கா கண்டால் விடமாட்டான், பெருநாளைத் தவிர பள்ளிவாசல் பக்கம் தலை வைத்துப் படுக்கமாட்டான். ஆகவே நம்பிக்கையான ஆள் என்று எர்காஷ் கணக்குப் போட்டார். தொழாதவன்தானே, கொப்பரையை விட்டு எங்கே போகப் போகிறான்?

"கேட்டுக்க காபில். ஆவி கட்டினதும் கங்க இழுக்கணும். இழுத்துட்டு அப்படியே உக்காரு. மூடியத் தொறந்து பாத்தே, கை இருக்காது."

"போங்கண்ணே, போய் எனக்கும் சேத்து கேளுங்க. அவன் உங்க பேச்சத்தான் கேப்பான்."

"வாய மூடு, நாயே."

இப்படி ஒரு அருமையான வார்த்தையைச் சொல்லிவிட்டு கைகால் முகம் கழுவி ஒளுச் செய்து பள்ளிவாசலுக்கு ஓடினார் எர்காஷ். முதல் வரிசையில் இமாமுக்கு நேர் பின்னால் இடம் கிடைத்தது. இமாம் கையை உயர்த்தினார், இவரும் உயர்த்தினார். சுத்தமான சட்டை, கழுவிய நெற்றி, நாற்றமில்லாத கை. பக்கத்தில் வாத்தியார். அப்பாடா என்று ஒரு நிம்மதி நெஞ்சில் இறங்கியது. இரண்டு சுற்றுத் தொழுகையில் முதல் ரக்அத்தில் அரிசி வரவில்லை! நிஜமாகவே வரவில்லை. இமாமின் குரல் மட்டும் காதில் விழுந்தது. இன்றைக்குத்தான் போலிருக்கிறது என்று எர்காஷின் உடம்பு சிலிர்த்தது.

இரண்டாம் ரக்அத்துக்கு எழுந்து நின்றபோது ஜன்னல் வழியாகக் காற்று வந்தது. காற்றோடு வாசனை வந்தது.

முதலில் லேசாகத்தான். மற்றவர்களுக்கு அது பலாவ் வாசனை. வாத்தியார் எச்சில் விழுங்கியது இவருக்குக் கேட்டது. எர்காஷின் மூக்குக்கு அது வேறு. அடியில் அரிசி சிவக்கிறது. கங்கை இழுக்கவில்லை. ஷைத்தான் விளையாடுகிறான் என்று கண்ணை இறுக்கி மூடினார். வாசனை கெட்டிப்பட்டது. இந்த வீணாய்ப்போனவன் என்ன செய்கிறான் அங்கே? தூங்கிவிட்டானா? ஊற்றிக்கொண்டுவிட்டானா? ஆய்சராவின் முகம் வந்தது. கூட்டம் போய் உட்கார்ந்ததும் கருகின சோறு வைத்தால் அந்தப் பெண் தெருவில் எப்படி நடப்பாள்? இமாம் என்றைக்கும் இல்லாத நீளத்துக்கு ஓதிக்கொண்டே போனார். முடியுங்களேன், முடியுங்களேன் என்று எர்காஷின் நெஞ்சு அடித்துக்கொண்டது. இறைவன் முன்னால் நின்றுகொண்டு அவனுடைய வசனம் எப்போது முடியும் என்று காத்திருந்தார் மனிதர்.

பிறகு தாங்கவில்லை. சலாம் சொல்லித் தொழுகையை முறித்துக்கொண்டு, வரிசைகளைப் பிளந்துகொண்டு வெளியே பாய்ந்தார். செருப்பு வைக்கிற இடத்துக்கு முந்தின கடைசி வரிசையில், கதவோரம், ஓர் ஆள் நின்றிருந்தான். கேரட் சாறு படிந்த மஞ்சள் கைகளைக் கட்டியிருந்தான். கண்ணை மூடியிருந்தான். கன்னத்தில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது.

காபில்!

எர்காஷுக்கு ஒரு நொடி கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அப்புறம் கால் ஓடியது. வெறுங்காலோடு தெருவில் பனியை மிதித்துக்கொண்டு ஓடி, கங்கை இழுத்துத் தண்ணீர் ஊற்றி, மூடியைத் தூக்கினார். அடி போய்விட்டது. நல்லவேளை, மேலே இன்னும் ஏறவில்லை. அடியைச் சுரண்டாமல் மேலாக அள்ளி அள்ளி இன்னொரு கொப்பரைக்கு மாற்றினார். முழங்கை வரை சூடு பட்டது. ஆய்சரா வாசலில் நின்று வாயைப் பொத்திக்கொண்டு பார்த்தாள்.

"ஒண்ணுமில்ல போ. தட்ட எடுத்து வை" என்றார்.

கூட்டம் வந்தது. உட்கார்ந்தது. தின்றது. "இந்த மாதிரி பலாவ் தின்னு எத்தன நாளாச்சு!" என்றார் வாத்தியார். தின்று முடித்து எல்லோரும் கையேந்தி, மணமக்களுக்கும் ஆக்கினவருக்கும் துஆ கேட்டு, முகத்தைத் தடவிக்கொண்டு எழுந்தார்கள். எர்காஷ் தட்டு போடுகிற அவசரத்தில் கரண்டியோடு நின்றவர், அப்போதுதான் தலையைத் தூக்கி வானத்தைப் பார்த்தார். மல்பெரி மரத்து உச்சியில் வெயில் விழுந்திருந்தது. விடியல் தொழுகையின் நேரம் முடிந்துவிட்டது. முறித்த தொழுகையைத் திரும்பத் தொழ ஒரு ஓரம்கூட மிச்சமில்லை. விறகுக் கட்டைக்கு நடுவில் தொழுகிற அந்தக் கேவலமான தொழுகைகூட இன்று கிடையாது. இத்தனை காலம் கட்டிக் காத்த நிய்யத்தும் போயிற்று.

காபில் பூனைபோலப் பக்கத்தில் வந்து நின்றான்.

"அண்ணே... கங்க..."

"எங்க போனே?"

"நீங்க ஓடுனீங்களா, அத பாத்துட்டே இருந்தேன். என்னவோ மாதிரி ஆயிடுச்சு. இந்த மனுஷன் இப்படி ஓடுறாரே, அங்க அப்படி என்னதான் இருக்குன்னு... ஒரு நிமிஷம் எட்டிப் பாத்துட்டு வந்துடலாம்னுதான்ணே போனேன்."

"அழுதியா?"

"தெரியலண்ணே. தானா வந்துச்சு. ஏன் வந்துச்சுன்னே தெரியல." காபில் வெட்கத்தோடு மூக்கைத் துடைத்துக்கொண்டான். "ஓதவும் தெரியாது எனக்கு. சும்மாதான் நின்னேன்."

எர்காஷ் கரண்டியைத் தூக்கினார். அடித்துவிடுவார் என்றுதான் காபில் நினைத்தான். அவர் கரண்டியைக் கொப்பரைக்குள் விசிறிவிட்டு வீட்டுக்குப் பின்னால் போனார். விறகு அடுக்கிய இடம். அங்கே நின்று, மேலே நிமிர்ந்து, வாய்விட்டுக் கத்தத் தொடங்கினார். ஓதப் படித்த வார்த்தை ஒன்றும் வாயில் வரவில்லை. பசுவை விரட்டுகிற, ஹாசியத்தோடு மல்லுக்கட்டுகிற பேச்சுதான் வந்தது.

"நியாயமா இது? சொல்லு, நியாயமா? வருஷக்கணக்கா உன் வாசல்ல நிக்கிறேன். ஒரு தடவ, ஒரே ஒரு தடவ எட்டிப் பாத்தியா? பட்டினி கெடந்தேன். பொழப்ப விட்டேன். ஊரு சிரிச்சுது. முதல் வரிசைல வந்து நின்னா மூக்குல கொண்டாந்து கரிச்சோத்து வாசனைய வைக்கிற! அந்தக் குடிகாரன், ஒரு சூராகூட ஒழுங்காத் தெரியாத பய, கதவோரம் சும்மா நின்னான், அவனுக்குக் குடுத்துட்ட! நான் என்ன கொறச்சலு? என்ன கொறச்சலுன்னு வாயத் தொறந்து சொல்லேன்! சோத்த விட்டுட்டு நிக்கணும்னு நெனச்சியா? என் தங்கச்சி சோறுய்யா அது! விடச் சொல்றியா? நீயே சொல்லு, விட்டிருந்தா நீ ஒத்துக்கிட்டிருப்பியா?"

மூச்சு வாங்கியது. முகமெல்லாம் நனைந்திருந்தது. சட்டைக் கையால் துடைத்தார், மறுபடி நனைந்தது. இன்னும் சொல்ல இருந்தது. எப்போதோ நோயில் போன மூத்த மகளைப் பற்றி யாரிடமும் கேட்காத கேள்வியும் வரிசையில் நின்றது. அதற்கும் வாயைத் திறந்தார்.

விறகுக்குப் பின்னாலிருந்து காபில் பயந்துபோய் எட்டிப் பார்த்தான். பின்கட்டில் எர்காஷைத் தவிர ஆள் இல்லை.

"அண்ணே, யாருகிட்டண்ணே சண்ட போடுறீங்க?"

"உனக்கென்னடா? நாங்க பேசிட்டிருக்கோம்ல, போடா அந்தப் பக்கம்!"

சொன்ன பிறகுதான் அது எர்காஷின் காதிலேயே விழுந்தது. திறந்த வாய் அப்படியே நின்றது. காபில் இன்னும் போகாமல், இவர் முகத்தையும் காலியான பின்கட்டையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

எர்காஷ் மெதுவாக விறகுக் கட்டையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார்.

"நீ போய் அடிச்சோத்தச் சுரண்டு, காபில்" என்றார், குரல் இறங்கிப்போய். "எனக்கு இங்க இன்னும் கொஞ்சம் நேரம் ஆகும்."