பஞ்சுக்கூடத்து முகங்கள்

தலையணைப் பட்டறையில் பஞ்சு ஓய்வதே இல்லை. சன்னல் வெயில் சாய்ந்து இறங்கும் இடத்தில் மிதக்கும், சுழலும், யார் தோளிலாவது போய் உட்காரும். அதனால் அங்கே எல்லோரும் மூக்கும் வாயும் மறையத் துணி கட்டியிருப்பார்கள். பஞ்சு அடைக்கும் அவருக்கு உலகத்திலேயே பிடித்த இடம் அதுதான். அங்கே யாருக்குமே முகம் இல்லை.

ஆறு வயதில் மாடிச் சுவரிலிருந்து தலைகுப்புற விழுந்தவர். காதுக்குப் பின்னால் தையல் போட்ட வடுவை முடி மூடிவிட்டது. உள்ளே பட்டதை எதுவும் மூடவில்லை. நாலு பேர் ஒன்றாகப் பேசினால் சொற்கள் தண்ணீருக்கு அடியில் போய்விடும். மத்தியானம் சாப்பிட்டபின் சற்றுத் தூங்காவிட்டால் கை தன் பாட்டுக்கு வேலை செய்யும், மனம் எங்கேயோ நிற்கும். பட்டறையில் அவருக்கு 'மத்தியானம்' என்றே பெயர். "மத்தியானம் வந்தாச்சா?" என்று காலையிலேயே கேட்பார்கள்.

இந்தத் தூக்கம் எல்லோருக்கும் தெரியும்; விழுந்த கதை தெரியாது. தெரியாதது இன்னொன்றும் உண்டு. முகங்கள் அவரிடம் தங்குவதில்லை. பார்க்கும்போது கண், மூக்கு, வாய் எல்லாம் துல்லியமாகத் தெரியும்; பார்வையை எடுத்ததும் கரைந்துவிடும். கூடவே வளர்ந்த அண்ணனையே இருமலை வைத்துத்தான் கண்டுபிடிப்பார். நடை, தோள், குரல் என்று பிடித்துப் பிடித்தே நாற்பது வயதைத் தாண்டிவிட்டார்.

எதிர் மேசையில் உறை தைப்பவள் இருந்தாள். ஒரு உறை முடிந்ததும், ஊசி குத்தாமலிருக்க விரலில் மாட்டியிருக்கும் இரும்புத் தொப்பியால் மேசையை இரண்டு முறை தட்டுவாள். டக் டக். எடுத்துக்கொள்ளலாம் என்று அர்த்தம். தட்டலில் தொடங்கியது பேச்சாயிற்று. பேச்சு வளர்ந்து, ஒருநாள் அவளே கேட்டாள்: "உங்க அண்ணன் எங்க வீட்டுல வந்து பேசுவாரா? இல்ல, அவரும் தூங்கி எழுந்துதான் வருவாரா?"

அண்ணனுக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. ஒரே ஒரு கண்டிப்பு மட்டும் போட்டார்.

"தலையில அடிபட்ட கதைய எடுக்காதடா. அது எப்பவோ ஆறிப்போச்சு."

"ஆறலண்ணே."

"ஆறாதத யாரு பாத்தா? வாய மூடிட்டு மாப்பிள்ளையா உக்காரு."

மறுநாள் சாயங்காலம் பஸ் ஸ்டாப்பில் ஒரு பெண் அவரைப் பார்த்துச் சிரித்தாள். பின்னால் நிற்கும் யாரையோ பார்த்துச் சிரிக்கிறாள் என்று நினைத்து, மரியாதையாக ஒதுங்கி வழிவிட்டார்.

அதற்கு மறுநாள் தட்டல் இல்லை. உறைகள் ஓசையில்லாமல் மேசையில் சேர்ந்தன. பஞ்சு மிதந்தது. சாப்பாட்டு நேரத்தில் தூங்காமல் அவளிடம் போனார்.

"இன்னிக்கு தட்டவே இல்லையே?"

"பட்டறைக்குள்ள ஒரு மாதிரி, தெருவுல ஒரு மாதிரி. நேத்து பஸ் ஸ்டாப்புல சிரிச்சேன். பாதையை விட்டு விலகி நின்னீங்க. என்னைத் தெரிஞ்சதா காட்டிக்கிட்டா கௌரவம் கொறஞ்சிடுமோ?"

அப்போதுதான் அவருக்கு உறைத்தது. அண்ணன் பேச்சைக் காற்றில் விட்டுவிட்டு, சுவர், விழுந்தது, கரையும் முகங்கள் என்று முழுவதையும் சொன்னார். அவள் முகத்துணியைக் கீழே இறக்கினாள்.

"நல்லா பாத்துக்கங்க. நாளைக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"கல்யாணம் ஆகி பத்து வருஷம் கழிச்சு?"

"அப்பவும் தெரியாது."

"அப்ப எனக்கு வயசாகறதும் தெரியாது," என்றாள். ஆனால் சிரிக்கவில்லை. "நான் யோசிக்கணும்" என்று துணியை மேலே ஏற்றிக் கட்டிக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை, ஏற்கெனவே பேசிவைத்தபடி, அவள் தன் அக்காவோடு அண்ணன் வீட்டுக்கு வந்தாள். அவள் யோசித்து என்ன முடிவு எடுத்தாள் என்பது அவருக்குத் தெரியாது. இருவர் உடையும் ஒரே துணியில் தைத்தது, இருவரும் ஒரே உயரம். அவர் வருவதற்குள் இருவரும் உள்ளே போய் உட்கார்ந்துவிட்டதால் நடையைப் பார்க்கவும் வழியில்லை. எதிரே இரண்டு முகங்கள், வெயிலில் பஞ்சு போல.

"என்ன மாப்பிள்ளை, எங்க ரெண்டு பேர்ல யாருன்னு மறந்துட்டீங்களா?" என்று ஒருத்தி கேலி செய்தாள். அக்காவாக இருக்கலாம். உறை தைப்பவளே குரலை மாற்றிக்கொண்டு விளையாடுவதாகவும் இருக்கலாம். அண்ணன் தேவைக்கு மேல் உரக்கச் சிரித்தார், பிறகு இருமினார்.

டக் டக்.

வலப்பக்கம், தண்ணீர் டம்ளரின் மேல்.

அவர் அந்தப் பக்கம் திரும்பி, நிதானமாக, முகம் முழுக்கச் சிரித்தார்.

"ஏம்மா, லீவு நாள்லயுமா அதை விரல்ல மாட்டிட்டு வந்த?" என்றார் அண்ணன்.

"இனிமே கழட்டறதா இல்லைங்க," என்றாள் அவள்.