சுவரைத் தட்டிப் பார்க்காத இன்ஜினியர்

எங்கள் பக்கம் இன்ஜினியர் என்றால் தடுப்புச்சுவரைப் பார்க்க வருகிறவர். ஊட்டிப் பக்கம் கேத்தியில் மேட்டை வெட்டித்தான் வீடு கட்ட முடியும். வெட்டிய மேடு சரியாமலிருக்கச் சுவர் வைக்க வேண்டும். அதைத் தட்டிப் பார்த்து, நிற்கும், நிற்காது என்று கையெழுத்துப் போடுகிறவர்தான் எங்களுக்கு இன்ஜினியர். என் மகள் வேலைக்குச் சேர்ந்து, "ஏஐ இன்ஜினியர்னு பேருங்கப்பா" என்றபோது, ஐந்தாம் வகுப்போடு நின்று கேரட் கழுவும் மிஷினில் வேலை பார்க்கும் நான், அந்தப் பெயரின் பின்பாதியை மட்டும் பிடித்துக்கொண்டேன்.

வீட்டிலிருந்தே வேலை. ஏஐயிடம் ஒரே கேள்வியை விதவிதமாகக் கேட்டு, எந்த இடத்தில் பதில் பிசகுகிறது, ஏன் பிசகுகிறது என்று கண்டுபிடித்து எழுதி அனுப்புவாள்.

பக்கத்து வீட்டு அண்ணன் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். அவருக்கு இது சிரிப்பு. "ஏனுங் அம்மிணி, கேள்வி கேக்கறதுக்கெல்லாமா இன்ஜினியருன்னு பேரு? அப்ப எங்க ஊட்டுக்காரி சீஃப் இன்ஜினியரு" என்பார். மகளும் சிரிப்பாள். எனக்குத்தான் முகம் எரியும். இருபது வருஷமாகப் பக்கத்தில் இருந்தும் அவரிடம் நான் நாலு வார்த்தை சேர்ந்தாற்போல் பேசியதில்லை.

போன ஐப்பசியில் ஐந்து நாள் விடாத மழை. ஆறாம் நாள் காலையில், எங்கள் இரண்டு வீட்டுக்கும் பின்னால் ஓடும் சுவர் நடுவில் வயிறு தள்ளி நின்றது. ஊட்டியில் இன்ஜினியர் அலுவலகத்துக்குப் போன் செய்தோம். வழியெல்லாம் மரம் விழுந்திருக்கிறது, ஆள் வர இரண்டு நாளாகும் என்றார்கள். அண்ணன் என் மகளிடம் வந்தார். அன்றைக்குச் சிரிப்பில்லை.

"நீ இன்ஜினியர்தான அம்மிணி? நிக்குமா, நிக்காதா? சொல்லு."

அவள் சுவரைப் படம் எடுத்து ஏஐயிடம் கேட்டாள். உடனே வெளியேறுங்கள் என்றது. வேறு மாதிரி கேட்டாள். தண்ணீர் வடிந்துகொண்டிருந்தால் தாங்கலாம் என்றது. பத்துப் பதினைந்து தடவை கேட்டிருப்பாள்.

"கேள்வியத் திருப்புனா பதிலும் திரும்புது பெரியப்பா. என்னமோ ஒண்ணு நான் சொல்லாம உட்டிருக்கேன்."

"இதுக்குப் பேரு இன்ஜினியரிங்கா? இது சோசியம்" என்று அண்ணன் எழுந்து போய்விட்டார்.

அவள் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு என்னிடம் கேட்டாள். "அப்பா, சுவத்துல தண்ணி வடியற ஓட்டை ஒண்ணுகூடக் காணமே. கட்டறப்பவே உடலீங்களா?"

விட்டிருந்தார்கள். மழைக்காலத்தில் அந்த ஓட்டைகளிலிருந்து செம்மண் தண்ணீர் வழிந்து, பாத்திரம் கழுவும் இடமெல்லாம் சேறாகும். இரண்டு வருஷம் முன்பு சாக்குத்துணியைச் சிமெண்டில் தோய்த்து எல்லாவற்றையும் அடைத்தது நான்தான். அண்ணன் அப்போது ஊரில் இல்லை. அவர் பக்கத்து ஓட்டைகளையும் உபகாரமாக நினைத்து அடைத்து வைத்தேன். காலையிலிருந்து அதை யாரிடமும் சொல்லாமல் மறைத்து வைத்திருந்தேன்.

"நாந்தான் கண்ணு அடச்சேன்" என்றேன்.

எத்தனை, எப்போது, எதை வைத்து என்று கேட்டுக் கேட்டு ஏஐக்குத் தட்டினாள். அதன்பின் எப்படித் திருப்பிக் கேட்டாலும் வெளியேறு என்ற ஒரே பதில்தான். அடைத்த ஓட்டைகளைத் திறக்க நான் கடப்பாரையைத் தூக்கினேன். "சுவத்துக்கிட்ட போகாதீங்கப்பா!" என்று கத்தி, என் கையைப் பிடித்துக்கொண்டாள். மழையில் நனைந்துகொண்டே அண்ணன் வீட்டு வாசலுக்கு ஓடினாள். "ஊட்ட உட்டு எறங்குங்க பெரியப்பா. நான் சொல்றேன். தப்பாப் போனா எம்மேல போடுங்க."

இரண்டு வீட்டாரும், மழைக்கு ஒதுங்கியிருந்த மற்றவர்களோடு பள்ளிக்கூடத்தில் தங்கினோம். மறுநாள் மழை விட்டது. சுவர் விழவில்லை. ஈரத் தரையில் முட்டி வலியோடு கிடந்த அண்ணன், எல்லோர் முன்னாலும், "இன்ஜினியரம்மா, சுவரு உங்க பேச்சக் கேக்கலீங்களே" என்றார். வகுப்பறையே சிரித்தது. இந்தத் தடவை மகள் சிரிக்கவில்லை.

நான் வெளியே போய், ரோட்டு வளைவிலிருந்து வீட்டைப் பார்த்தேன். வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி எழுப்பிய வீடு. "விழுந்துரு, விழுந்து தொல" என்று என் வாய் முணுமுணுத்தது. என் குரல்தானா என்று எனக்கே பயமாகிவிட்டது. திரும்பி வந்து அண்ணன் முன்னால் நின்றேன்.

"புள்ள பிசகலீங்ண்ணா. ஓட்டைய அடச்சது நானுங்க. உங்க பக்கமும் நாந்தான்."

அவர் என்னைப் பார்த்தார். பாயைச் சுருட்டிக்கொண்டு அடுத்த வகுப்பறைக்குப் போய்விட்டார்.

அதற்கு அடுத்த நாள் இன்ஜினியர் வந்தார். தள்ளி நின்றே சுவரைப் பார்த்தார். இரண்டு வீட்டுக்குள்ளும் யாரும் போகக் கூடாது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். விழுமா என்று கேட்டேன். "அதச் சொல்ல முடியாதுங்க" என்றார்.

சுவர் இன்னும் நிற்கிறது. நாங்கள் வாடகை வீட்டில் இருக்கிறோம். மகள் தினமும் அதே வேலையைத்தான் செய்கிறாள். என்ன வேலை என்று யாராவது கேட்டால், "கம்ப்யூட்டர்லீங்க" என்று மட்டும் சொல்கிறாள்.