திருப்பிக் கொடுத்த நீலம்

ஆய்வகத்தில் அவளுக்குப் பம்பரம் என்றுதான் பெயர். ஓரிடத்தில் நிற்கமாட்டாள். கண்ணாடித் தகட்டில் கரிமப் பொருளை மெல்லிய படலமாகப் படியவைத்து, மின்சாரம் செலுத்தி ஒளிரவைப்பது அவள் வேலை. சிவப்பும் பச்சையும் சொன்னபடி கேட்டன. நீலம் மட்டும் அழுது வடிந்தது.

படலத்தில் பெரும்பகுதி 'தாங்கி' எனும் பொருள். அதில் துளி நீலச் சாயம். தாங்கி தன் ஆற்றலைச் சாயத்துக்குக் கைமாற்ற வேண்டும், சாயம் ஒளிர வேண்டும். சாயத்தை மாற்றி மாற்றியே அலுத்துப்போனாள். வீட்டில் பாதிச் சாப்பாட்டில் எழுந்து நடக்க ஆரம்பித்துவிடுவாள்.

"நான் இப்படி பஸ்ஸ நடுரோட்டுல விட்டுட்டு இறங்கிப் போனா சும்மா விடுவாங்களா?" என்பான் ஓட்டுநரான கணவன்.

தப்பு தாங்கியில் இருந்தால்? அது துறைத்தலைவர் தாமே உருவாக்கிய பொருள். அவருக்குப் பெற்ற பிள்ளை மாதிரி. யாரிடமும் சொல்லாமல், தாங்கியைத் திரவ நைட்ரஜனில் உறையவைத்து, அது மங்கலாக உமிழ்ந்த ஒளியை அளந்தாள். அதன் ஆற்றல் மட்டம் பச்சைச் சாயத்தைவிட மேலே, ஆனால் நீலச் சாயத்தைவிடச் சற்றுக் கீழே இருந்தது. சாயத்துக்குப் போன ஆற்றல் தாங்கிக்கே இறங்கி வந்து, ஒளிராமல் வீணாகிக்கொண்டிருந்தது.

தலைவர் அறைவரை போவதும் திரும்புவதுமாகக் காலை முழுவதும் கழிந்தது. கடைசியில் உள்ளே போனாள்.

"சார், சாயத்து மேல தப்பில்ல. தாங்கிதான். நீலம் வாங்குனத அதுக்கே திருப்பிக் குடுத்துடுது."

அவர் முகம் சுண்டிப்போனது. "யாரக் கேட்டு அளந்தே?"

"யாரையும் கேக்கல சார்."

அவள் நீட்டிய அளவீட்டு வரைபடத்தையே பார்த்துக்கொண்டிருந்தவர், "பச்சைக்கு நல்லாத்தானே வேலை செஞ்சுது," என்றார், குரல் இறங்கி. பிறகு, "வேற தாங்கி இருக்கா?"

"வரவழைச்சு வெச்சிருக்கேன்."

"அதுவும் கேக்காமத்தானா?" என்றவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

புதிய தாங்கியில் நீலம் கண் கூசும்படி எரிந்தது. உடனே கணவனுக்குப் போன் போட்டு, ஆய்வகத்துக்கு வந்து பார்க்கச் சொன்னாள். வேலை முடிந்து சீருடையோடு வந்த கணவன் எட்டிப் பார்த்து, "இத்தனூண்டு வெளிச்சத்துக்கா இவ்வளவு பாடு?" என்றான்.

மறுநாளே அது மங்கத் தொடங்கியது. மின்சாரத்தைத் தாங்காமல் புதிய பொருளே சிதைந்துகொண்டிருந்தது. முந்தைய நாள் சந்தோஷப்பட்டதற்குத் தன்மேலேயே எரிச்சல் வந்தது. அடுத்த காலை ஓட்டமும் நடையுமாக வந்தால், அவளுக்கு முன்பே தலைவர் கையுறை மாட்டிக்கொண்டு நின்றார்.

"லேட்டு," என்றார். "புதுத் தாங்கி எங்க ஒடையுதுன்னு பாப்போம், வா."