இம்ரான் வீட்டு அப்லோடு

அத்தர் வாசனையோடு சூடேறின கம்ப்யூட்டர் வாசனையும் கலந்து அடித்தால்... அது இம்ரான் வீட்டு மாடி.

பூந்தமல்லியில் கீழே அவன் அப்பாவின் அத்தர் கடை, மேலே அவன் அறை. கம்ப்யூட்டர் மூடி கழற்றியே கிடக்கும். உள்ளே ஃபேன் கொர்ர்ர் என்று எங்கள் கணக்கு டீச்சர் மாதிரியே இரையும்.

பிளஸ் ஒன் படித்தபோது, ஞாயிறானால் அயனம்பாக்கம் ஏரிக்கரையில் நானும் தினேஷும் அடிக்கும் லூட்டியை இம்ரான்தான் வீடியோ எடுப்பான். ஃபைல் பெரிசு என்பதால் டாரன்டாகப் போடுவான். நாங்கள் இறக்கிக்கொள்வோம். இறக்குகிறவன், வந்த துண்டுகளை அடுத்தவனுக்கு ஏற்றியும் விடவேண்டும். அங்கேதான் ஒவ்வொருத்தன் வண்டவாளமும் தெரியும்...

இம்ரான் நாள் முழுக்க ஏற்றுவான். குணத்தில் குரு, ஸ்கிரீனில் 'சீடர்'; முழு ஃபைலையும் வைத்து ஏற்றிவிடுகிறவனுக்கு டாரன்டில் அதுதான் பேர்.

நூம்பலில் எங்கள் வீட்டில், அம்மா வெளியே கிளம்பினால் மோடமும் ஆஃப். நான் அரைச் சீடன்.

தினேஷ் ஆவடி குவார்ட்டர்ஸ். முழுசாக இறங்கிய அடுத்த நொடி ஸ்டாப் போட்டுவிடுவான்.

"டேய், ரேஷனுக்கு ஒரு அட்டை, ஆதாருக்கு ஒரு அட்டை, எங்களுக்கு நீ ஒரு அட்டை. ரத்தம் குடிச்சதும் உதுந்துட்ற" என்று ஓட்டுவேன்.

"உடு மாமே," என்பான் இம்ரான். "அவன் நைனா போன்ல ஹாட்ஸ்பாட் போட்டு இறக்கறான். டேட்டா தீந்தா தங்கச்சிக்கு ஆன்லைன் கிளாஸ் கட். எங்க ஊட்ல கடை கேமராக்கோசரம் நெட்டு சும்மா ஓடிகினு கீது. நா குட்த்தா அது இன்னா பெரிய விஷயம்?"

பிளஸ் டூ பரீட்சை முடிந்த கையோடு அவனுக்கு ஜுரம். ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். "ஊசிக்கு அழுவாத மச்சான்" என்று மெசேஜ் தட்டினேன்.

அவன் அதைப் பார்க்கவே இல்லை.

சில மாதம் கழித்து அவன் அம்மா கேட்டார்.
"தம்பி, அவன் கொரலு எதுலயாச்சும் கீதாப்பா?"

எப்போதும் கேமராவுக்குப் பின்னால் நின்றவன். எந்த வீடியோவிலும் முகம் கிடையாது, குரல் மட்டும்தான். அவன் கம்ப்யூட்டரைக் கடை பில் போட என்று உள்ளே இருந்ததையெல்லாம் அழித்து மாற்றியிருந்தார்கள். என் ஹார்ட் டிஸ்க் எப்போதோ மண்டையைப் போட்டிருந்தது. குரூப்பில் பழைய லிங்க் மட்டும் கிடந்தது. போட்டேன்.

சீடர்: பூஜ்யம்.

மிச்சம் தினேஷ்தான். அவன் அப்பா ரிட்டயர் ஆகி, குவார்ட்டர்ஸைக் காலி செய்து, குடும்பத்தோடு திருநெல்வேலிப் பக்கம் போயிருந்தார். தினேஷுக்குப் போன் போட்டேன்.

"மச்சான், அந்த ஏரி வீடியோ..."

"கீதுடா. ஒண்ணுகூட அழிக்கல. இங்க மொட்டை மாடிலதான் டவர் எடுக்கும். டெய்லி மிச்சம் கீற டேட்டாவ ஏத்தறேன். நீ ஆஃப் பண்ணாம வை."

மோடத்தைத் தொடாதே என்று அம்மாவிடம் சொன்னேன். விஷயம் தெரிந்ததும் சுவிட்சின் மேல் டேப் ஒட்டியது அம்மாவேதான்.

சாயந்தரமானால் டவுன்லோடு கொஞ்சம் நகரும்... நிற்கும். மறுநாள் இன்னும் கொஞ்சம்... ஒருநாள் முழுசாக வந்து சேர்ந்தது.

இம்ரான் அம்மாவின் போனில் ஏற்றிக் கொடுத்தேன். அவர் படத்தைப் பார்க்கவில்லை. போனைக் காதில் வைத்துக்கொண்டார்.

"இந்தாண்ட வா மாமே, மூஞ்சில வெயில் அடிக்குது" என்கிறான் உள்ளே.

"ம்..." என்றார் அவர்.

நான் இன்னும் ஸ்டாப் போடவில்லை. அங்கே மொட்டை மாடிக்கு ஏறும்போதெல்லாம் தினேஷும் ஸ்கிரீனில் சீடராக வருகிறான்.

அப்போது கொடுக்க நீ ஒருத்தன், வாங்க நாங்கள் ரெண்டு பேர். இப்போது கொடுக்க நாங்கள் ரெண்டு பேரும் இருக்கிறோம், மாமே...