நிறை குறைந்த பிள்ளை

இருபத்திரண்டு பிள்ளைகள் சேர்ந்து என்னை ஏமாற்றினார்கள். இப்போது நினைத்தாலும் வயிறு எரிகிறது. இதை ஆற அமரச் சொல்ல எனக்கு வராது.

லிந்துலைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டப் பாடசாலையில் இங்கிலீஷ் படிப்பிக்கிறேன். நானும் தோட்டத்து லய வரிசை வீட்டில் பிறந்தவள்தான். கொழுந்து எடுத்துத்தான் அம்மா என்னைப் படிக்க வைத்தார். இரண்டாம் தவணை தொடங்கிய அன்று ஒரு தாயும் பதினொரு வயது மகளும் அதிபரின் அறை வாசலில் நின்றிருந்தார்கள். அந்தத் தாய் சின்ன வயதில் கலவரத்துக்குப் பயந்து பெற்றோருடன் வவுனியாவுக்குப் போய், அங்கிருந்தும் கடற்கரைக்கு ஓடிப் படகேறித் தமிழ்நாட்டு அகதி முகாமில் வளர்ந்தவர். மகள் பிறந்ததே முகாமில். இப்போது இரண்டு பேரும் திரும்பி வந்து, தாயின் அண்ணன் வீட்டில், ஒரே ஒரு லயத்து அறையில் ஒண்டியிருந்தார்கள்.

அதிபர் பிள்ளையை வாசிக்க வைத்துப் பார்த்தார். "தமிழ் நல்லா வருது. கணக்கும் பரவால்ல. இங்கிலீஷ்தான் எழுத்தத் தவிர ஒண்ணும் தெரியல. நம்மகிட்ட இங்கிலீஷ் தொடங்குறது மூணாம் ஆண்டுல. அங்கேருந்தே வரட்டும்" என்றார்.

"பதினொரு வயசுப் புள்ளைய எட்டு வயசுப் புள்ளைங்களோட ஒக்கார வைக்கிறதா சேர்? நல்லா இருக்கே நியாயம்" என்றேன். என் வாய் சும்மா இருக்காது.

"அப்ப ஒரு தவணை பார்ப்போம். இங்கிலீஷ்ல நாப்பது எடுத்தா ஆறாம் ஆண்டுலயே இருக்கட்டும். இல்லேன்னா மூணுதான். நீங்களே பொறுப்பு."

அந்தப் பிள்ளை தாயின் சேலையைப் பிடித்தபடி என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தது.

அன்றே வகுப்பில் சொன்னேன். "இவ இங்கிலீஷ்ல நாப்பதுக்குக் கீழ விழாம பாத்துக்கிறது நம்ம எல்லாரோட பொறுப்பு. வெளங்குச்சா?" "வெளங்குச்சுங்க டீச்சர்" என்று ஒரே குரலில் சொன்னார்கள். நானும் ஒரு பைத்தியக்காரி, நெஞ்சு குளிர்ந்துபோனேன்.

தவணை முழுக்கப் பாடசாலை விட்ட பிறகும் ஒரு மணிநேரம் அவளோடு இருந்தேன். எனக்கான பஸ் போய்விடும். அடுத்ததற்கு மழையில் நிற்பேன். கண், காது, கதவு, கதிரை என்று ஒவ்வொன்றாகத் தொட்டுக் காட்டி இங்கிலீஷில் சொல்ல வைத்தேன். மற்ற ஆசிரியைகள், "சம்பளத்த கூட்டித் தரவா போறாங்க?" என்று கேலி செய்தார்கள். பிள்ளை மெதுவாகத்தான் வந்தாள். ஆனாலும் வந்தாள். முப்பது எடுப்பாள், கடவுள் கண் திறந்தால் நாற்பது என்று நானே எனக்குச் சொல்லிக்கொண்டேன்.

பரீட்சையன்று மேற்பார்வையும் நான்தான். கதவருகில் நின்று மழையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இந்தப் பிள்ளைகளைத் திரும்பித் திரும்பிப் பார்க்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவேயில்லை.

அவளுடைய விடைத்தாளைத் திருத்தி முடித்தபோது அறுபத்து மூன்று வந்தது. ஆசிரியர் அறையில் தனியாக உட்கார்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டேன். அந்தச் சந்தோஷத்தை இன்னொரு தரம் அனுபவிக்கத்தான் தாளை மறுபடி முதலிலிருந்து வாசித்தேன். முதல் கேள்வியின் எழுத்து வகுப்பு மானிட்டர் பெண்ணுடையது. அடுத்தது தோட்டத்துக் கிளார்க்கரின் மகனுடையது. அவன் எழுத்துகள் எப்போதும் இடப்பக்கம் சாயும். பக்கத்துக்குப் பக்கம் வேறு வேறு கை. அவள் கை கடைசிக் கேள்வியில் மட்டும் இருந்தது, மூன்று வரி. தாள் வகுப்பு முழுக்கச் சுற்றி வந்திருக்கிறது. நான் மழை பார்த்திருக்கிறேன்.

வகுப்புக்குப் போய் தாளை மேசையில் போட்டேன். "யாரு இது?" என்றேன். ஒருவரும் தலை குனியவில்லை. அதுதான் என்னை இன்னும் எரித்தது. மானிட்டர் எழுந்து நின்று, ஒளிவுமறைவில்லாமல் சொன்னாள்: "அவளுக்கு நிறை கொறஞ்சிச்சுங்க டீச்சர். அதான் ஆளுக்கு கொஞ்சம் போட்டோம்."

கொழுந்து எடுக்கும் மலையில் அப்படித்தான். முடியாத ஒருத்திக்குக் கொழுந்து நிறை குறைந்தால், அன்றைக்கு அரைப்பேர்தான் விழும், பாதிச் சம்பளம். பக்கத்து நிரையில் நிற்பவர்கள் ஆளுக்கு இரண்டு பிடி அள்ளி அவள் கூடையில் போட்டுவிடுவார்கள். தம்பி வயிற்றில் இருந்த மாதங்களில் என் அம்மாவின் கூடையும் அப்படித்தான் நிறைந்தது. எனக்கு அது தெரியாதா என்ன? தெரிந்ததால்தான் கோபம் இரண்டு மடங்காகியது. நான் ஒரு தவணையாக அந்தப் பிள்ளையின் தலைக்குள் ஏற்றப் பார்த்ததை, இவர்கள் ஒரு மணிநேரத்தில் கொழுந்து மாதிரி அள்ளிப் போட்டுவிட்டார்களே. என் உழைப்புக்கு என்ன மரியாதை?

தாளை எடுத்துக்கொண்டு நேரே அதிபரிடம் போனேன். நானேதான் போனேன், யாரும் அனுப்பவில்லை. அவர் பார்த்தார். "சரி, மூணாம் ஆண்டு" என்றார். அவ்வளவுதான்.

மறுநாள் பிள்ளை புத்தகப் பையோடு எழுந்தபோது, "போய் நல்லா படி" என்றேன். அவள், "தேங்க் யூ டீச்சர்" என்றாள். அது நான் சொல்லிக்கொடுத்ததுதான். அவள் போன பிறகு மானிட்டர் என்னிடம் வந்தாள். அழவில்லை, குரலும் உயரவில்லை.

"கொழுந்து நிறுக்கிற கணக்கப்பிள்ளைகூட பாத்துட்டு பேசாம இருப்பாருங்க டீச்சர். நீங்க நம்ம ஆளுதானேன்னு நெனச்சோம்."

பதினொரு வயதுக்காரியிடம் அதைக் கேட்டுக்கொண்டு நின்றேன். பரீட்சை பரீட்சைதான், களவு களவுதான் என்று சொல்ல வாயெடுத்தேன். அதை இன்றும் சொல்வேன். ஆனால் அன்று கரும்பலகையைத் துடைக்கத் திரும்பிக்கொண்டேன்.

அதன் பிறகு அந்த வகுப்பு என்னிடம் மரியாதைக்கு ஒரு குறையும் வைக்கவில்லை. கேட்டால் பதில் சொல்வார்கள். கேட்காவிட்டால் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். முன்பெல்லாம் கொய்யாக்காய் கொண்டுவந்து என் மேசையில் வைப்பார்கள், அதுவும் நின்றது.

போன வாரம் பாடசாலை விட்ட பிறகு மூன்றாம் ஆண்டு வகுப்பறையில் பேச்சுச் சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தேன். என் வகுப்புப் பிள்ளைகள் ஐந்தாறு பேர் அந்தச் சின்னக் கதிரைகளில் முழங்காலைக் கட்டிக்கொண்டு அவளைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். ஒருவன் கதவைத் தொட்டான், அவள் இங்கிலீஷில் சொன்னாள். ஒருத்தி காதைத் தொட்டாள், அதையும் சொன்னாள். நான் செய்ததுபோலவே.

உள்ளே காலெடுத்து வைத்தேன். எல்லாரும் எழுந்து நின்றார்கள். மேசையில் விரித்திருந்த கொப்பியில் அவளுடைய கையெழுத்து, அவள் தானாக எழுதியது. மறைக்க அதில் ஒன்றுமே இல்லை. இருந்தும் என்னைப் பார்த்ததும் அவள் அதை மூடி நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள்.