புளிச்சோற்றோடு ஆற்றங்கரைக்கு

கல்யாணமாகி ஏழு மாதமாகியும் என் கணவரோடு தனியாக நாலு வார்த்தை சேர்ந்தாற்போல் பேசியதில்லை. ஐம்பதுகளின் கடைசியில், தேக்கா என்ற கடைத்தெருவில் ஒரு கடைவீட்டு மாடியில் எங்களுக்கு இரண்டு அறை. மாமனார், மாமியார், இரண்டு நாத்தனார்கள், நாங்கள். ராத்திரி பேசலாமே என்பீர்கள். பலகைத் தடுப்புக்கு அந்தப் பக்கம் மாமியார் படுத்திருப்பார். நான் பெருமூச்சு விட்டால்கூடக் காலையில் காரணம் கேட்பார்.

அதனால், "ஞாயித்துக்கெழம ஆத்தங்கரைப் பக்கம் போயிட்டு வருவமா? அங்க கடையில சாப்பிடலாம்" என்று அவர் என் காதோடு சொன்னபோது எனக்குத் தலைகால் புரியவில்லை. அந்த நல்ல பிள்ளை நேரே போய் அம்மாவிடம் அனுமதி கேட்டிருக்கிறார். அவரும் தாராளமாக, எல்லாருமே போவோம் என்றுவிட்டார். புறப்படும்போது மாமியார் கையில் ஒரு தூக்கு நிறையப் புளிச்சோறு. ஊரே சாப்பிடப் போகிற இடத்துக்கு வீட்டிலிருந்து சோறு கட்டிக்கொண்டு போன பெருமை எங்கள் குடும்பத்தையே சேரும். அதைக் கிளறியது யார் என்று சொல்ல வேண்டியதில்லை.

பஸ்ஸை விட்டு இறங்கியதும் அவர் வழக்கம்போல் பத்தடி முன்னால் நடந்தார். பெண்டாட்டியோடு சேர்ந்து நடந்தால் யாராவது பார்த்துவிடுவார்கள் அல்லவா?

ஆறு என்று பெயர்தான். மூட்டை அடுக்கிய கிட்டங்கிகளுக்கு எதிரே சரக்கேற்றும் தொங்காங் படகுகள் நெருக்கியடித்துக் கிடந்தன. தண்ணீர் வற்றிச் சேறு தெரிந்தது. அழுகிய காய்கறியும் மீனும் எண்ணெயும் சேர்ந்து நாறின. கரையோரத் தள்ளுவண்டிகளில் சட்டியில் புரட்டிய மீ கோரெங் நூடுல்ஸ் மணத்தது, இறைச்சி கோத்த சாத்தே குச்சிகள் தணலில் புகைந்தன. நாங்களோ சேற்றைப் பார்த்தபடி உட்கார்ந்து புளிச்சோற்றுத் தூக்கைத் திறந்தோம்.

இரண்டு வாய் சாப்பிட்டதும் மாமியார் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டார். "குமட்டுதுடா. வீட்டுக்குப் போவோம்."

வந்த டாக்சியில் நாலு பேருக்குத்தான் இடம். "நீ எங்கூட ஏறுடா. அவ உங்கப்பாவோட பஸ்ல வரட்டும்" என்றார் மாமியார். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

அவர் அம்மாவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு தன் செருப்பைப் பார்த்துக்கொண்டு, "நீங்க நாலு பேரும் போங்கம்மா. நாங்க பஸ்ல வந்துர்றோம்" என்றார். டாக்சி போனது. அந்த நாறும் ஆற்றைக் கையெடுத்துக் கும்பிடத் தோன்றியது எனக்கு.

ஏழு மாதம் ஏங்கிய தனிமை கிடைத்தாயிற்று. இருவரும் ஆளுக்கொரு படகைப் பார்த்தபடி நின்றோம். கடைசியில் அவர் தொண்டையைச் செருமினார்.

"உனக்கு என்ன புடிக்கும்?"

மூன்று வேளையும் என் சமையலைச் சாப்பிட்ட மனிதர் அன்றுதான் அதைக் கேட்டார். சொல்ல எவ்வளவோ இருந்தது. வாயைத் திறந்தேன். "உங்களுக்கு எது புடிக்குமோ அதையே வாங்குங்க" என்றேன்.

சரியென்று தலையாட்டிவிட்டு அவர் நகர்ந்தார். எனக்கு என் மேலேயே பற்றிக்கொண்டு வந்தது. என்ன ஜென்மம் நான்? நடுத்தெரு என்றும் பார்க்காமல் அவர் சட்டையைப் பிடித்து இழுத்தேன்.

"இல்ல. எனக்கு சாத்தே வேணும். கோழி சாத்தே. நெறைய."

அவர் சிரித்துவிட்டார். "சரி. வேற என்னல்லாம் புடிக்கும், சொல்லு."

சொன்னேன். வந்த பஸ்ஸையெல்லாம் போகவிட்டோம்.